தூலம் பிளக்கப் பழைய பேண்ட் சா: 36 அங்குலம் வாங்கலாமா?

12.02.2023, குடியாத்தத்திலிருந்து வந்த கேள்வி

"அண்ணா, சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை செய்கிறேன். பழைய வீடு இடிக்கிற இடங்களில் பர்மா தேக்குத் தூலம் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கிறது. அதைப் பலகையாகப் பிளக்க மரவாடிக்கு எடுத்துப் போனால் கூலியும் சேதாரமும் லாபத்தைத் தின்றுவிடுகின்றன. வாலாஜாவில் ஒரு மரவாடியை மூடுகிறார்கள். 36 அங்குலச் சக்கரம் கொண்ட பேண்ட் சா (இரண்டு சக்கரத்தின் மேல் நாடா போல ஓடும் ரம்பம்), ஏழரை எச்.பி. மோட்டாரோடு 85,000 சொல்கிறார்கள். என்னிடம் 90,000 இருக்கிறது. புது 18 அங்குல மெஷின் இதைவிட விலை கூட. பெரிய மெஷினையே வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கட்டுமா?"

12.02.2023, இரவு

கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள்.

2018இல் 24 அங்குல மெஷின் ஒன்றை 42,000க்கு வாங்கினேன். அதில் முதல் பலகையை அறுத்த அன்று என் நோட்டில் இருந்த தொகை 79,000. வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் 6,500. சக்கரத்தை லேத்தில் பிடித்து, அதன் மேல் ஒட்டிய ரப்பர் பட்டையை மாற்ற 9,000. பேரிங் நான்குக்கு 3,600. மோட்டார் காயில் கட்ட 4,500. சிமெண்ட் மேடைக்கு 3,400. பிளேடு மூன்றுக்கு 5,400. ஸ்டார்ட்டர், கேபிளுக்கு 4,600. வாங்கும்போது இதில் ஒன்றையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. நகைக் கடனில்தான் ஈடுகட்டினேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான் ரூபாய் ரூபாயாக எழுதுகிறேன். கையில் 90,000 என்றால் மெஷினுக்கு 45,000ஐத் தாண்டாதீர்கள்.

அடுத்தது, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது. சக்கரம் இரண்டு, அவை சுற்றுகிற ஷாஃப்ட், இவற்றைத் தாங்கும் வார்ப்பு உடம்பு. பழைய மெஷினில் இந்த மூன்றுக்குத்தான் விலை. மோட்டார், பேரிங், ரப்பர், பிளேடை ஆடாமல் பிடிக்கிற கைடு, புல்லி, பெல்ட் எல்லாம் வேலூரிலேயே கிடைக்கும், இல்லையென்றால் ராணிப்பேட்டை லேத் பட்டறைகளில் செய்து வாங்கலாம். விரிசல் விட்ட சக்கரத்துக்கு மட்டும் மாற்று கிடையாது. "மோட்டார் புதுசு, பெயிண்ட் புதுசு" என்று விற்பவர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டே கீழ்ச் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்காருங்கள்.

பிளேடைக் கழற்றச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஓர் ஓரத்தில் பென்சிலை ஊன்றிப் பிடித்து, விளிம்புக்கும் பென்சிலுக்கும் நடுவே இடைவெளி மாறுகிறதா பாருங்கள். அரை நூலுக்கு மேல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஆடினால் லேத் வேலை நிச்சயம். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஆரத்தையும் தட்டிப் பாருங்கள். நல்ல வார்ப்பு மணி போல ஒலிக்கும், விரிசல் இருந்தால் பொத்தென்று சத்தம் வரும். மேல் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பிறகு மேல் சக்கரத்திலிருந்து கீழ்ச் சக்கரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பட்டறையில் மூன்று ஃபேஸ் மின்சாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

13.02.2023

சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறதாம். ஆனால் பட்டறைக்குத் தனி இணைப்பு, வீட்டு மீட்டரில் ஓடவில்லை. அது நல்லது. இதைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

18.02.2023

மின்சாரத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்: வனத்துறை.

பேண்ட் சா வைத்து மரம் அறுக்கும் இடம் என்றாலே உரிமம் பற்றிய கேள்வி வரும். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் கொடுத்த உத்தரவிலிருந்தே அறுவை மில்கள் மேல் கண்காணிப்பு இறுகிவிட்டது. 2002 அக்டோபரில், மத்திய உயரதிகாரக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புது அறுவை மில்லுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2016இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்ட பிறகு அந்தப் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களிடம் வந்தது. நம் பக்கம் இன்னும் கூடுதலாகவே கவனிப்பார்கள். ஜவ்வாது மலைச் சந்தனம் ஒரு புறம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் செம்மரம் ஒரு புறம். திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது.

அந்த மரவாடிக்காரரிடம் உரிமம் இருந்திருக்கலாம். மெஷினை வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் உருட்டுக் கட்டை அறுக்கப் போவதில்லை, பழைய வீட்டுத் தூலத்தைத்தான் பிளக்கப் போகிறீர்கள். சக்கர அளவு என்ன, மோட்டார் என்ன, எந்த மரம், அது எங்கிருந்து வருகிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வன அலுவலகத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்த மெஷினுக்கும் காசு கொடுக்க வேண்டாம். தூலம் வாங்கும்போது இடித்த வீட்டுக்காரரிடம் ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டால் பேரிங் நன்றாக இருந்து என்ன பயன்?

19.02.2023

"36 அங்குலம் எதற்கு, 18 போதாதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. சக்கரம் சின்னதாக இருந்தால் வளைவு கடுமையாகி, பல்லின் அடியில் வெடிப்பு விழும். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிளேடு தடிமன் போகக் கூடாது என்பது பழைய கணக்கு. 36 அங்குலம் என்றால் 914 மில்லிமீட்டர், அதில் 20 கேஜ் பிளேடு போடலாம், அது 0.89 மில்லிமீட்டர். 30 அங்குலத்துக்கு 22 கேஜ், 0.71. பதினெட்டுக்கு 0.45 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டு அங்குல உயரத் தேக்கைப் பிளக்கும்போது மெல்லிய பிளேடு உள்ளே வயிறு தள்ளும். மேலேயும் கீழேயும் கோடு நேராக இருக்கும், பலகையைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருக்கும். என் 24 அங்குலத்தில் நான் இன்றைக்கும் பார்க்கிற வியாதி இது.

அகலமான பிளேடை விறைப்பாக இழுத்துக் கட்டவும் பலமான உடம்பு வேண்டும். ஒன்றரை அங்குல அகல 22 கேஜ் பிளேடுக்குத் தேவையான இழுப்பைக் கணக்குப் போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ வருகிறது. அவ்வளவையும் அந்த வார்ப்புத்தான் வளையாமல் தாங்க வேண்டும். தகட்டை மடித்துச் செய்த சின்ன மெஷின்களில் எனக்கு இந்த நம்பிக்கை வருவதில்லை. பஞ்சாபின் படாலா பக்கத்துப் பழைய வார்ப்பு உடம்பைத் தட்டிப் பார்த்தாலே ஒரு தைரியம் வரும்.

ஆகவே பெரிய சக்கரம் வேண்டும் என்ற உங்கள் ஆசை சரிதான். எவ்வளவு பெரியது என்பதில்தான் எனக்கு யோசனை.

26.02.2023

ஞாயிற்றுக்கிழமை. தம்பி கூப்பிட்டார், வாலாஜாவுக்கு நானும் போனேன். விலை பேச இல்லை, பார்த்து வர மட்டும். டார்ச், சுத்தியல், மூலைமட்டம், தூக்குக்குண்டு, நூல், ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போனோம்.

கம்பீரமான மெஷின். மேல் சக்கரத்தின் உச்சி என் தலைக்கு மேல் இரண்டு அடி. நன்றாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஓட விட்டுக் காட்டினார்கள், சத்தமும் மோசமில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே வாங்கிவிட்டது போல இருந்தது.

பேரணாம்பட்டில் என் சித்தப்பா தோல் பிளக்கிற மெஷின் ஓட்டியவர். அதுவும் நம் பேண்ட் சாவின் உறவுதான். படுக்கை வாட்டில் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் பல் இல்லாத நாடாக் கத்தி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அதில் தோலை விட்டால் இரண்டு ஏடாகப் பிரிந்து வரும். தோலில் அரை மில்லிமீட்டர் தவறினால் சரக்கே வீண். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை பேரிங் வீட்டின் மேல் ஊன்றிக் கேட்க அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பேரிங் நன்றாக இருந்தால் மழை தூறுகிற சத்தம் கேட்கும். வாலாஜா மெஷினின் கீழ் பேரிங்கில் மணலை அரைப்பது போலக் கேட்டது. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, பேரிங்கை மாற்றிவிடலாம்.

பிளேடைக் கழற்றச் சொல்லிக் கீழ்ச் சக்கரத்தைத் தட்டினேன். ஆறு ஆரம். ஐந்து ஒலித்தன. ஆறாவது ஒலிக்கவில்லை. பெயிண்டை ஆணியால் சுரண்டிப் பார்த்தால் சக்கரத்தின் நடுக் குடத்துக்குப் பக்கத்தில் பித்தளை ஒட்டு. எப்போதோ உடைந்து ஒட்டியிருக்கிறார்கள். நிமிஷத்துக்கு 500 சுற்றுச் சுற்றுகிற கனமான வார்ப்பு. அது எந்த நாளில் விட்டுப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? முன்னால் நிற்கப் போவது தம்பி. அவருக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, பட்டறையில் விளையாடுகிறது.

விற்பவர் 60,000 வரைக்கும் இறங்கி வந்தார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் தம்பி பேசவே இல்லை.

27.02.2023

12ஆம் தேதி நூல் பிடித்துப் பார்ப்பது பற்றி எழுதியது தவறு, திருத்துகிறேன். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நேற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. மேல் சக்கரத்தைச் சாய்க்கத் திருகு இருக்கிறது, யாராவது அதைத் திருகி விட்டுப் போயிருந்தாலே நூல் தப்புக் காட்டும். ஷாஃப்டில் வாஷர் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தவும் முடியும். அது சரிசெய்கிற விஷயம், கழிக்கிற விஷயம் இல்லை. நூலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள். சக்கரத்தை உயர்த்தி இறக்கும் சறுக்குச் சட்டத்தில் தேய்மானம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அங்கே லொடலொடவென்று இருந்தால் பிளேடு ஒரு நாளும் ஒரே இடத்தில் ஓடாது.

05.03.2023

மின்சாரத்திலும் ஒரு திருத்தம். காட்பாடியில் மோட்டார் காயில் கட்டுகிற நண்பரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன்.

மூன்று ஃபேஸ் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று எழுதியது பாதிதான் சரி. சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போய் மூன்று ஃபேஸ் 230 வோல்ட்டாக வெளியே வரும் வி.எஃப்.டி. பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் நம் ஊர் மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டுக்குச் செய்தது. மோட்டார் காயிலை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம் உண்டு. 3 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டாரில் கட்டியிருக்கும், அதை டெல்டாவாக மாற்றினால் 230இல் முழுப் பலத்தோடு ஓடும். அதற்கு மேல் 5, ஏழரை எச்.பி. எல்லாம் பெரும்பாலும் ஏற்கெனவே டெல்டாதான், அந்தப் பெட்டியில் அவற்றுக்குப் பலம் வராது. மோட்டாரின் மேல் இருக்கிற தகட்டில் எழுதியிருக்கும், அதைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

3 எச்.பி. போதுமா? எட்டு அங்குலத் தூலத்துக்குப் போதும், மெதுவாகத் தள்ள வேண்டும். நாள் முழுக்க அறுக்கிற மரவாடிக்குப் போதாது. இன்னொரு நன்மை, கனமான சக்கரத்தை இந்தப் பெட்டி மெல்ல மெல்ல வேகம் ஏற்றிக் கிளப்பும். நேரடி ஸ்டார்ட்டரில் வருகிற அந்தத் திடீர் இழுப்பு இல்லை.

05.03.2023, இரவு

மழைக்கும் தூசிக்கும் அந்த வி.எஃப்.டி. பெட்டியைத் திறந்தபடி வைக்காதீர்கள். மரத்தூள் உள்ளே போனால் அவ்வளவுதான்.

21.03.2023

வட்ட ரம்பத்தைவிட பேண்ட் சாவில் சேதாரம் குறைவு என்றால் சிலர் நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

எட்டு அங்குலத் தூலம், அதாவது 64 நூல். நாலு நூல் தடிமனில் பலகை வேண்டும். வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஒன்றரை நூல் தின்னும் என்றால் 11 பலகை வரும். பேண்ட் சா அரை நூல்தான் தின்னும், அதில் 14 பலகை. ஒரு தூலத்துக்கு மூன்று பலகை மிச்சம். இழைப்புக்கு விட வேண்டியது இரண்டுக்கும் உண்டு, அதை இதில் சேர்க்கவில்லை.

என் நைனா கைரம்பத்தில் அறுத்தவர். குழி வெட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே நிற்கிறவர் கண்ணில் தூள் கொட்டும். பத்தடித் தூலத்தில் ஒரு நீளம் அறுக்கப் பாதி நாள் போய்விடும் என்பார். அந்தத் தேக்கின் வாசனை அவர் சட்டையில் தீபாவளி வரைக்கும் இருக்கும். மெஷினைப் பற்றி எழுதும்போது ஏன் இது வந்தது என்று தெரியவில்லை. ஒரு பலகை வீணானாலும் மனசு கேட்காது அவருக்கு. அந்தக் குணம்தான் என்னிடமும் இருக்கிறது போல.

11.04.2023

தம்பிக்கு வன அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஏழு வாரம் ஆனது. அதில் எழுதியிருப்பது அவருடைய வேலைக்கும் அவருடைய இடத்துக்கும் பொருந்துவது, அதனால் இங்கே போடப் போவதில்லை. நீங்கள் உங்களுக்கென்று தனியாகக் கேளுங்கள்.

மேல்விஷாரத்தில் 30 அங்குல மெஷின் ஒன்று இருக்கிறது என்று தகவல். தோல் பதனிடும் மர டிரம் செய்கிற ஆசாரியுடையது. இப்போது பிளாஸ்டிக் டிரம் வந்து மர டிரம் வேலை குறைந்துவிட்டது, பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

16.04.2023

பார்த்தோம். வாங்கியாயிற்று.

பெயிண்ட் என்று ஒன்றும் இல்லை, எண்ணெய்க் கறுப்புதான். ஆசாரிக்கு எழுபதைத் தாண்டிய வயது. நாங்கள் சுத்தியல் எடுத்ததைப் பார்த்து "தட்டுப்பா, நல்லா தட்டிப் பாரு" என்று அவரே சக்கரத்தின் மூடியைத் திறந்து விட்டார். இரண்டு சக்கரமும் மணி. வார்ப்பு உடம்பில் ஒரு கீறல் இல்லை. கைடு கட்டைகளைக் கருவேல மரத்தில் செய்து, எண்ணெயில் ஊற வைத்து மாட்டியிருந்தார். நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இரும்புக் கைடு சூடேறி பிளேடைத் தின்னும், மரம் தேய்ந்து கொடுக்கும், பிளேடு பிழைக்கும்.

குறைகள்: மேல் ஷாஃப்டின் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உறை) தேய்ந்து நன்றாகவே ஆடியது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மோட்டார் 5 எச்.பி., டெல்டா, ஆகவே நமக்கு உதவாது. மூன்றையும் அவரே முதலில் சொல்லிவிட்டார். 46,000 சொன்னார், 38,000க்கு முடிந்தது. பேரம் பேசும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. உடைத்து இரும்புக் கடையில் போட்டால் என்ன வரும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார், கிலோ 35 ரூபாய் வீதம் 700 கிலோவுக்கு 24,500. அதற்கு மேல் வருவது தன் கை உழைப்புக்கு என்றார். கிளம்பும்போது மெஷின் மேசையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

17.04.2023

நாளைக்கு ஏற்றலாம் என்றார் தம்பி. செவ்வாய்க்கிழமை, பொய்கைச் சந்தை, நமக்குத் தெரிந்த வண்டிகளெல்லாம் மாடு ஏற்றப் போய்விடும். புதன்கிழமை வையுங்கள்.

மேல் சக்கரம், மேசை, மோட்டார் மூன்றையும் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி, செயின் பிளாக், இல்லாமல் தொடாதீர்கள். மேல் பாரம் அதிகமான மெஷின், சாய்ந்தால் பிடிக்க முடியாது. குட்டி யானையில் நிற்க வைத்துக் கொண்டு போகக் கூடாது, படுக்க வைத்து, அடியில் பழைய டயர் போட்டு, நாலு பக்கமும் கட்டுங்கள். என்னுடையதை 2018இல் ஏற்றியபோது கயிறு நழுவி, கூட வந்த ஒருவருக்குக் கால் விரல் நசுங்கியது. அவர் இப்போதும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு செயின் பிளாக் வாடகைக்கு எடுக்காமல் விட்டதை நினைத்துக்கொள்கிறேன்.

14.05.2023

கத்திரி வெயில். தகரக் கூரைக்கு அடியில் ரப்பர் ஒட்டினார்கள், பசை பிடிக்கும் முன்னால் காய்ந்துவிட்டது. பிய்த்துவிட்டு மறுபடி அதிகாலை ஐந்தரைக்கு ஒட்டினோம். நின்றுவிட்டது. வேலூர் வெயிலில் ரப்பர் வேலையைப் பகலில் வைக்காதீர்கள்.

ஒட்டிய பிறகு ரப்பரை நடுவில் லேசாக மேடு வைத்துத் தேய்த்தோம். அந்த மேடுதான் பிளேடை நடுவில் நிறுத்துகிறது.

28.05.2023

புல்லி. இதை எல்லோரும் பாருங்கள், ஆபத்தான விஷயம்.

மோட்டாரில் 5 அங்குலம், மெஷினில் 9 அங்குலப் புல்லி இருந்தது. 1440 சுற்று மோட்டார். அப்படியென்றால் சக்கரம் 800 சுற்று. 30 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 7.85 அடி, ஆக பிளேடு நிமிஷத்துக்கு 6,280 அடி ஓடியிருக்கிறது. இந்த மாதிரிப் பட்டறை மெஷினில் மரத்துக்கு 3,000இலிருந்து 5,000க்குள் ஓட வேண்டும். எப்போதோ யாரோ கிடைத்த புல்லியை மாட்டியிருக்கிறார்கள். ஆசாரியிடம் ஃபோனில் கேட்டேன். "அதான் பிளேடு சீக்கிரம் சீக்கிரமா விட்டுச்சா" என்றார்.

மெஷின் புல்லியை 13 அங்குலமாக மாற்றினோம். இப்போது 554 சுற்று, 4,350 அடி. கடினமான புளிய மரம் அறுக்க வேண்டியிருந்தால் வி.எஃப்.டி.யில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பழைய மெஷின் எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

11.06.2023

பிளேடு நீளம் எப்படி எடுப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சக்கர மையத்துக்கும் இடையிலான தூரத்தை இரண்டால் பெருக்கி, ஒரு சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டுங்கள். இந்த மெஷினில் மையத் தூரம் 54 அங்குலம். 108உம் 94¼உம் சேர்ந்து 202¼, அதாவது 16 அடி 10¼ அங்குலம். அளக்கும்போது மேல் சக்கரம் அதன் ஓட்டத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். பிளேடு அறுந்து ஒட்டும் ஒவ்வொரு முறையும் நீளம் குறையும், அப்போது சக்கரம் கீழே இறங்க இடம் வேண்டும்.

சுவீடன் எஃகுச் சுருளிலிருந்து வெட்டி ஒட்டித் தரச் சொல்லி இரண்டு வாங்கினோம். அங்குலத்துக்கு 2 பல். ஆசாரி கொடுத்த பழைய பிளேடில் 4 பல் இருந்தது. அது டிரம் பலகையின் ஓரத்தை வளைவாக அறுக்க நல்லது, பிளப்பதற்கு ஆகாது. எட்டு அங்குல உயரத்தில் வருகிற தூளைச் சுமந்து வெளியே கொட்ட, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடம் வேண்டும்.

02.07.2023

முதல் அறுப்பு.

ஆணி பார்ப்பதற்கே காலை போய்விட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தூலத்தின் நாலு முகத்திலும் தொங்க விட்டு நகர்த்தினோம். ஒன்பது ஆணி எடுத்தோம். பத்தாவதைக் காந்தம் காட்டவில்லை, ஆழத்தில் இருந்தது. அதை பிளேடுதான் கண்டுபிடித்தது.

அதற்கு முன்னால் ஏழு பலகை வந்தது. கைடை மரத்துக்கு ஒரு விரல் உயரத்தில் இறக்கி வைத்து, பின் பேரிங்குக்கும் பிளேடுக்கும் போஸ்ட் கார்டு தடிமன் இடைவெளி விட்டு, பக்கக் கைடுகள் பல்லைத் தொடாமல் பின்னால் தள்ளி வைத்து, அவசரப்படாமல் தள்ளினோம். மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும் அளந்தேன். கால் நூல் வித்தியாசம் கூட இல்லை. பலகையைப் பிரித்ததும் உள்ளே தங்க நிறம், அந்த வாசனை. தம்பி அவருடைய அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆணிக்குப் பிறகு பிளேடு ஒரு பக்கமாக இழுத்தது, எட்டாவது பலகை வயிறு தள்ளிவிட்டது. அதே மரம், அதே மெஷின், ஒரு பக்கத்துப் பல் மழுங்கியதுதான் காரணம். அறுப்பு கோணினால் கைடைத் திருகுவதற்கு முன்னால் பல்லைத் தடவிப் பாருங்கள். சாணை பிடித்து, பற்களை இரு பக்கமும் மாறி மாறிச் சாய்த்துச் செட் வைத்துக் கொண்டு வந்த பிறகு மறுபடி நேராக வந்தது.

02.07.2023, சற்றுப் பிறகு

முகக் கவசம் போடுங்கள். வாகைத் தூள் தும்மலில் நிறுத்தும், வேப்பந்தூள் நாக்கு வரைக்கும் கசக்கும், தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். சக்கர மூடி இரண்டையும் மாட்டாமல் ஓட்டாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் வெகுநேரம் சுற்றும், குழந்தை அந்தப் பக்கம் வரக் கூடாது. தம்பி ஒரு கதவு போட்டுவிட்டதாகச் சொன்னார்.

09.07.2023

தம்பியின் கணக்கு, கேட்டவர்களுக்காக. மெஷின் 38,000. வண்டி, செயின் பிளாக் 5,500. புஷ், லேத் வேலை 7,200. பேரிங் 4,800. ரப்பர் 4,000. புல்லி 2,300, பெல்ட் 1,100. மேடை 3,600. பிளேடு இரண்டு 4,400. பழைய 3 எச்.பி. மோட்டார் 5,500. வி.எஃப்.டி. 14,000. ஐந்து எச்.பி. மோட்டாரை விற்றதில் 7,000 திரும்ப வந்தது. மொத்தம் 83,400.

அந்த 36 அங்குலத்தைப் பற்றியும் ஒரு மறுயோசனை. சக்கரம் நன்றாக இருந்திருந்தாலும் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏழரை எச்.பி.க்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், 20 கேஜ் பிளேடு விலை கூட, பட்டறைக் கூரையைத் தூக்க வேண்டியிருந்திருக்கும். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் தூலம் நம் பக்கத்து வீடுகளில் எத்தனை கிடைக்கிறது?

20.08.2023

ஆசாரியைத் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், ஏழு பலகையில் ஒன்றைக் கையோடு கொண்டு போய். அவர் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் ராத்திரி பிளேடு இழுப்பைத் தளர்த்தி வைக்கிறாயா என்று கேட்டாராம். தளர்த்துவதில்லை என்று தம்பி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து தளர்த்துகிறார். நானும்தான்.